நாற்பத்தோராவது வேலை

மூடிப்போன வங்கிக் கிளையிலிருந்து
படகில் வந்தது பெட்டி.
ஒரு ரொட்டி அளவு. முதுகில் இன்னும்
'மூன்றாம் கவுன்ட்டர்' ஒட்டுத்தாள்.
விசிறி கிடையாது, சுழலும் தட்டு கிடையாது,
காதை ஒட்டி வைத்தாலும் மூச்சு கேட்காது.
இத்தனை காலமும்
வேறொரு கணினியின் தயவில் பிழைத்தது.
"இது எதற்கு ஆகும், யாஸ்னா?" என்றாள்
மருந்தகத்து எடெல்மிரா.
கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம் என்றேன்.

கின்சாவ் தீவில் எங்கள் மருத்துவமனைக்கு
இருப்பது ஒரே பிரிண்டர்.
அதன் கம்பி ஒரு மேசையைத் தாண்டாது.
மருந்துச் சீட்டும் பிறப்புக் குறிப்பும்
படகு ஆம்புலன்ஸுக்கான கடிதமும்
பென்டிரைவில் ஏறித்
தாழ்வாரம் நெடுக நடந்து வரும்.
போன மழைக்காலத்தில் ஒன்று
மருத்துவச்சி நோல்ஃபாவின் அங்கிப்பையோடு
சலவைக்குப் போனது,
பதினொரு குழந்தைகளின் எடையோடு.

பெட்டியைத் திறந்தேன்.
வங்கி போட்ட பூட்டு உள்ளே இருந்தது.
பொத்தான் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு
ஒரு சுற்று மாத்தே குடித்து வந்தேன்;
அதற்குள் கடவுச்சொல்லை மறந்திருந்தது.
லினக்ஸ் ஏற்றினேன், படமில்லாமல், வெறும் எழுத்தாக.
ஒரு ஜிபிக்குள் குடித்தனம் நடத்த வேண்டுமே.
மாறாத முகவரி தந்தேன். கடைசி எண் நாற்பது,
என் வயது, மறக்காமலிருக்க.
அடுத்த வருடமும் அதையே வைத்திருப்பேன்.

பிரிண்டருக்கு ஒரு வியாதி உண்டு.
அணைத்தால், தான் யாரென்பதே மறந்துபோகும்.
விழிக்கும்போதெல்லாம் ஒருவர் சொல்ல வேண்டும்:
நீ பிரிண்டர். இது தாள். இது சூடு.
இப்படி உருட்டு.
இது தெரியாமல் பகல் முழுக்கத் திண்டாடினேன்.
ஆளாளுக்கு அவரவர் அறையிலிருந்து அனுப்பிப் பார்த்தார்கள்,
"வந்ததா?"
"இல்லை."
"இப்போது?"
எல்லாம் வரிசையில் போய் நின்றன.

மாலையில்தான் பிடிபட்டது.
அந்தச் சொல்லும் வேலையைப் பெட்டிக்கே கொடுத்தேன்.
மின்சாரம் போய்த் திரும்பினால்
நீயே எழுந்துகொள் என்றும் எழுதினேன்.
சோதிப்பதற்குள் வடகாற்று அடித்தது,
தீவு முழுக்க இருட்டு.
போர்வைக்குள் படுத்து
கூரைத் தகரத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இரவில் எப்போதோ விளக்கு வந்திருக்கிறது.
ஆளில்லாத அறையில் பெட்டி எழுந்து
பிரிண்டரிடம் அது யாரென்று சொல்லியிருக்கிறது.

காலையில் தட்டு நிறையத் தாள்.
எடெல்மிராவின் இன்சுலின் கணக்கு, மூன்று தடவை.
நோல்ஃபாவின் 'வேலை செய், கழுதையே', ஐந்து தடவை.
அடியில் ஒன்று, நேற்றைய தேதியில்,
டாக்டர் பெல்மார் இயக்குநருக்கு எழுதியது:
இந்த மாத இறுதியோடு என்னை
அவ்வளவுதான் படித்தேன்.
அது படிப்பதற்கானதல்ல என்று புரிய
அரை வரி ஆயிற்று.
கவிழ்த்து வைத்தேன்.

ஈரக் காலணியோடு வந்தார்.
"நேற்று ஒரு காகிதம் அனுப்பினேன், வரவில்லை.
சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.
ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்தது" என்றார்,
பிறகு, "சரியாகிவிட்டதா?"

தீவில் அவர் ஒருவர்தான் டாக்டர்.
பொய் சொல்லியிருக்கலாம்.
பெருமை விடவில்லை என்றுகூடச் சொல்லலாம்,
மூன்று நாள் உழைப்பு அது.
"ஆகிவிட்டது" என்று
தட்டைக் காட்டினேன்.

எடுத்தார். முதல் வரியைப் பார்த்தார்.
நான்காக மடித்து அங்கிப்பையில் போட்டுக்கொண்டு
இரண்டாம் வார்டுக்குப் போனார்,
யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள்.

பெட்டி தன் குறிப்பேட்டில்
வேலை நாற்பத்தொன்று, பெயர், நேரம் எல்லாம்
எழுதி வைத்திருந்தது.
அந்த வரியை அழித்தேன். என்ட்டர் தட்டிய பிறகு
கை கொஞ்சம் நடுங்கியது.

பத்து மணிக்கு அங்கி ஒன்றை ஆணியில் மாட்டிவிட்டு
வேறொன்று போட்டுக்கொண்டு வந்தார்.
அது வியாழக்கிழமை.
சலவை வண்டியின் சக்கரம்
தாழ்வாரக் கடைசியில் கிறீச்சிட்டது.
நான் எழுந்து போகவில்லை.